ரப்பர் சட்டை போட்ட என் அத்தைக்கு

அத்தை,

கடலில் முங்கும்போது நீங்கள் போடுகிற ரப்பர் சட்டையை இன்று காலை அலசிக் காயப்போட்டேன். வெயில் பட்டால் ரப்பர் வெடித்துவிடும் என்பதால் மாட்டுக்கொட்டகை நிழலில், விட்டத்தில் கயிறு கட்டி, ஹேங்கரில் தொங்கவிட்டேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டு. கறுப்பு. கையும் காலும் சொட்டச் சொட்டத் தொங்குகின்றன. மோர் கேட்டு வந்த எதிர்வீட்டு அக்கா, "அய்யய்யோ, யாரோ தொங்குறாங்க" என்று கத்திக்கொண்டே சொம்பைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவிட்டார். அவரைப் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "இது எங்க அத்தையோட சட்டைக்கா" என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவர் போன பிறகு சட்டையின் கழுத்துப் பக்கம் மூக்கை வைத்தேன். ரப்பர் நாற்றம். உப்பு. அதற்கும் அடியில், எத்தனை முறை அலசினாலும் போகாத உங்கள் தேங்காய் எண்ணெய். "தலைக்கு எண்ணெ வக்காம தண்ணியில எறங்க மாட்டேன்" என்று ஒவ்வொரு முறையும் சண்டை போட்டீர்களே, அது.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வருசம் ஒண்ணாச்சு. இன்னும் அத எதுக்குடி வச்சிக்கிட்டுக் கெடக்க? யாருக்காச்சும் குடுத்துத் தொலையேன்." வெளியே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போனது. அரியலூர்ப் பக்கம் எங்கள் தெருவில் எதைக் காயப்போட்டாலும் வெள்ளையாகத் தூசி படிந்துவிடும். எழுந்து போய்த் துணியால் துடைத்தேன். பிறகு உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.

எழுதக் காரணம் இருக்கிறது. உங்கள் ஊர் வேப்பந்தட்டையில் இன்னமும் உங்கள் கதையைத் தப்பாகவே சொல்கிறார்கள். "நல்லா இருந்த பொம்பள. மருமவ வந்து கெடுத்துட்டா" என்கிறார்கள். யாரை யார் கெடுத்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் இப்போது இல்லை. மிச்சம் இருக்கிறவள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

உங்கள் மகன் என்னை அந்தமானுக்குக் கூட்டிப்போனது அவருடைய கட்டட சென்ட்ரிங் வேலைக்காக. போர்ட் பிளேயரில் ஒரு ரூம், ஒரு ஸ்டவ், மூன்று வருஷம். அதன் பிறகு ஊர்ப்பக்கம் வேலை இருக்கிறது என்று கப்பலேறினார். இரண்டு மாதம் கழித்து போனில், "எனக்கு இங்க வேற குடும்பம் ஆயிடுச்சு, நீ ஒன் வழியப் பாத்துக்க" என்றார். அப்போது நான் டைவிங் கம்பெனி ஒன்றில் கூலிக்கு இருந்தேன். கடலுக்குள் முங்கிப் பார்க்க வருகிற டூரிஸ்ட்டுகளின் ரப்பர் சட்டைகளை நல்ல தண்ணீரில் அலசி, மாட்டி, சைஸ் வாரியாக அடுக்குவதுதான் வேலை. அழுதுகொண்டே அலசினேன். உப்புத் தண்ணீர்தானே, யாருக்கும் தெரியவில்லை.

உங்கள் பங்காளிகள் கூடிப் பேசினார்களாம். "அவ பொறந்த வூட்டுக்குப் போவட்டும், நமக்கும் அவளுக்கும் இனி என்ன இருக்கு" என்று முடிவாயிற்றாம். அந்த வாரமே நீங்கள் சென்னைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து தனியாகக் கப்பலில் மூன்று நாள் வந்து இறங்கினீர்கள். தோளில் ஒரு பை. தலையில் சின்ன வெங்காய மூட்டை. கப்பல்துறையில் உங்களைப் பார்த்ததும் என் கை தாலிக்குப் போனது. கழுத்தில் கிடப்பதைக் கழற்றி வாங்கிப்போகத்தான் வருகிறீர்கள் என்று நினைத்தேன்.

"என்னடி இப்புடி எளச்சுப் போயிட்ட" என்றீர்கள் முதலில். பிறகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "இந்தா பாரு மலரு. அவன் செஞ்சதுக்கு நான் மன்னிப்புக் கேக்க வரல. அத அவன்தான் கேக்கணும். நான் ஒன்னப் பாக்க வந்தேன்" என்றீர்கள்.

அதன் பிறகு வருஷா வருஷம் வந்தீர்கள். கம்பெனி முதலாளியம்மா எனக்கு டைவிங் சொல்லிக்கொடுத்தார். அலசிய சட்டையையே நானும் மாட்டிக்கொண்டு இறங்கினேன். பரீட்சை எழுதினேன். நாலு வருஷத்தில் அவர்களுடைய பெரிய படகில் வழிகாட்டியாக ஏறிவிட்டேன். ஆறு நாள் கரைக்கே வராத படகு. எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுத்து, அங்கேயே சாப்பிட்டு, தினமும் மூன்று முறை கடலுக்குள் இறங்கி ஏறுவார்கள். நான் முன்னால் போய் வழி காட்ட வேண்டும். பத்திரமாகத் திருப்பிக் கூட்டி வரவேண்டும்.

அந்த வருஷம் கடைசி ட்ரிப்பில் இரண்டு பேர் வரவில்லை. "கட்டில் காலியா இருக்கு. உங்க மாமியாரைக் கூட்டிட்டு வாங்க, கடல் பாத்துட்டு வரட்டும்" என்றார் முதலாளியம்மா. நான் ரூமுக்கு வந்து சொன்னபோது நீங்கள் கேட்ட ஒரே கேள்வி, "எறங்க வுடுவாங்களா?"

"என்னது?"

"படகுல ஒக்காந்து வேடிக்கை பாக்கறதுக்கு நான் எதுக்கு? எறங்க வுட்டா வரேன்."

அன்றைக்குத்தான் கிணற்றைப் பற்றிச் சொன்னீர்கள். உங்கள் அப்பாவின் கிணறு அறுபது அடி. மேட்டிலிருந்து குதித்து, அடியில் கிடக்கிற மண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டுதான் மேலே வருவீர்களாம். பம்புசெட்டுக் குழாயின் அடியில் இருக்கிற ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டால் ஆம்பளைகளைக் கூப்பிடாமல் உங்களைத்தான் கூப்பிடுவார்களாம். "வயசுக்கு வந்த அன்னிக்கோட நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் கெணத்துப் பக்கம் போனா கொடம் மட்டுந்தான் எறங்கும், நான் எறங்க மாட்டேன்." அப்போது உங்களுக்கு ஐம்பத்தாறு வயது. பதிமூன்று வயதில் நிறுத்தியதைச் சொல்கிறபோது அது போன வாரம் நடந்த மாதிரி கோபம் வந்தது உங்களுக்கு.

டாக்டர் காது, நெஞ்சு, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு, "என்னைவிட நல்லா இருக்காங்க" என்று எழுதிக்கொடுத்தார். நாலு நாள் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் பயிற்சி. முதல் நாள் ரப்பர் சட்டைக்கு மேல் நைட்டி போட்டுக்கொண்டு வந்தீர்கள். தண்ணீருக்குள் நைட்டி குடையாக விரிந்து முகத்தை மூடியது. இரண்டாம் நாள் அதைச் சுருட்டிப் பாறை மேல் வைத்துவிட்டு, "சனியன், இது இல்லாமலே நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள். காலில் மாட்டுகிற நீச்சல் துடுப்புக்கு வாத்துக்கால் செருப்பு என்று பெயர் வைத்தீர்கள். இப்போது படகில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், கேப்டன் உட்பட.

ஒன்றே ஒன்றுதான் உங்களுக்கு வரவில்லை. கடலுக்குள் மூச்சை அடக்கக் கூடாது. முதுகில் சிலிண்டர் இருக்கிறது, வாயில் குழாய் இருக்கிறது, இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நெஞ்சுக்குள் காற்று விரிந்து உயிரே போய்விடும். நான் இதைப் பத்து முறை சொன்னேன். நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள்.

"அடக்குனாத்தான் உள்ள போவ முடியும்னு பழகுனவ நானு. இந்த ஒடம்புக்கு அதான் தெரியும்."

"அத மறந்துருங்கத்தை."

"ஒனக்கென்ன, சொல்லிட்ட."

படகு கிளம்பிய மறுநாள் காலை மணி அடித்தது. எல்லோரும் பின்தளத்தில் உட்கார்ந்து சிலிண்டரை மாட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் சென்னையிலிருந்து வந்த ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், உங்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கொஞ்சம் சத்தமாகவே கேட்டார்: "இந்த வயசுல இவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க ட்ரிப்பே கெட்டுப் போயிடுமேம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் திரும்பினீர்கள். "ஏன் சார், ஒங்களுக்கு ஏதாச்சும் ஆனா எங்க ட்ரிப்பு கெடாதா?"

தளமே சிரித்தது. அவருக்கு உங்களைவிட நாலு வயது கூட இருக்கும். அவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

ஆனால் அந்த முதல் இறக்கம் நன்றாக இல்லை, அத்தை. இருபது அடியில் உங்கள் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. மூக்கால் ஊதி அதை வெளியேற்றப் பயிற்சியில் எட்டு முறை செய்ததை அங்கே மறந்துவிட்டீர்கள். கண்ணை மூடிக்கொண்டீர்கள். உங்கள் வாயிலிருந்து குமிழி வருவது நின்றது. அடக்கிவிட்டீர்கள். காலை உதைத்து மேலே போகத் தொடங்கினீர்கள். நான் பாய்ந்து உங்கள் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்து, முகத்துக்கு நேரே போய், உங்கள் நெஞ்சில் இரண்டு முறை அடித்தேன். மாமியாரை அடித்த மருமகள் என்று யாராவது சொல்லிக்கொள்ளட்டும். குபுக்கென்று குமிழி கிளம்பியது. மூச்சு வந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே வந்தோம்.

படகில் ஏறியதும் உங்கள் சிலிண்டரைக் கழற்றி ஓரமாக வைத்தேன். போதும், இனி உங்களை இறக்கமாட்டேன், உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் யார் முகத்தில் விழிப்பேன் என்று அழுதேன். நீங்கள் மூக்கைச் சிந்தினீர்கள். தலையைத் துவட்டினீர்கள்.

"எறக்கு, மறுபடி."

"அத்தை..."

"பதிமூணு வயசுல நிறுத்துனப்ப என்ன யாரும் கேக்கல. இப்ப நீயும் கேக்காம நிறுத்தாத. எறக்கு."

மத்தியானம் இறக்கினேன். அந்த முக்கால் மணி நேரமும் நான் மீனைப் பார்க்கவில்லை, பவளத்தைப் பார்க்கவில்லை. உங்கள் குமிழிகளையே எண்ணிக்கொண்டு வந்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

மூன்றாம் நாள் ஆமை வந்தது. அண்டா மூடி அளவுக்கு முதுகு. பாறையில் முளைத்ததைக் கடித்துக்கொண்டிருந்தது. உங்களைப் பார்த்தும் நகரவில்லை. நீங்கள் என் பக்கம் திரும்பிக் கட்டை விரலை உயர்த்தினீர்கள். தண்ணீருக்குள் கட்டை விரலைக் காட்டினால் 'மேலே போகலாம்' என்று அர்த்தம். ஐயோ மறுபடியும் என்ன ஆச்சு என்று நான் பதறி உங்களைப் பிடித்து மேலே கொண்டுவந்துவிட்டேன். வாயிலிருந்து குழாயை எடுத்ததும் வைதீர்கள். "நல்லாருக்குன்னு சொன்னேன்டி! அத ஏன்டி பாதியில பிடுங்கியாந்த?"

அந்த ஆறு நாளில் உங்களை நான் பார்த்தது போல் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. படகில் நல்ல தண்ணீர் அளவுதான். இரண்டு நிமிஷத்தில் குளித்துவிட வேண்டும் என்றதற்கு மற்றவர்கள் முனகினார்கள். நீங்கள் ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டு, "எங்கூருல வந்து பாருங்க, இதுல பாதிதான்" என்றீர்கள். சமையல்காரருக்கு உங்கள் வெங்காயத்தில் வத்தக்குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். எங்கள் ஊர்க் கல்லுக்குழியில் அப்பா கல்லுக்குள் சங்கும் சிப்பியும் பார்த்ததை நான் சொன்னேன். அரியலூரே ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம் என்றேன். "அப்புறம் ஏண்டி குடிக்கத் தண்ணியில்லாம லாரிக்கு நிக்கிறீங்க?" என்று கேட்டீர்கள்.

கடைசி நாள் மேலே வந்து ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தீர்கள். கண்ணாடி நெற்றியில். முடி நனைந்து ஒட்டியிருக்கிறது. முன்பல் ஒன்று இல்லாத வாயைத் திறந்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறீர்கள். அந்தச் சென்னைக்காரர்தான் போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்பினார். நீங்கள் அதைக் கேட்டு வாங்கி, கரைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் உங்கள் போனில் ஸ்டேட்டஸ் வைத்தீர்கள். நான் வைக்கவில்லை. ஊரில் எல்லோரும் நான்தான் வைத்தேன் என்கிறார்கள். "எம் மூஞ்சி, எம் போனு" என்று சொல்லிவிட்டு நீங்களே அழுத்தினீர்கள்.

நான் உங்களை ஊரில் விடக் கூடவே வந்தேன். வேப்பந்தட்டை பஸ் ஸ்டாப்பில் இறங்கும்போதே பார்வைகள் சரியில்லை. மறுநாள் மத்தியானம் வீட்டில் கூட்டம். நடுவில் உங்கள் கொழுந்தனார், உரக்கடை வைத்திருக்கிற சின்ன மாமா. ஊரில் எந்தப் பஞ்சாயத்தானாலும் அவர் இல்லாமல் நடக்காது. அவர் கையில் இருந்த போனில் ஸ்பீக்கர் வழியாக உங்கள் மகன்.

"அம்மா, ஒனக்கு என்ன கேடு? தாலி அறுத்த பொம்பள பண்ற வேலையா இது? எம் பொண்டாட்டி வூட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்க."

"எந்தப் பொண்டாட்டிடா?" என்று கேட்டீர்கள்.

யாரோ இருமினார்கள். சின்ன மாமா குரலைத் தணித்துப் பேசினார். அவர் கெட்டவரில்லை, அதை எப்போதும் சொல்வேன். "அண்ணி, கடலப் பாருங்க, குளிங்க, யாரு வேணாங்கறா? அந்த உடுப்புதான். ஒடம்பு பூரா அப்புடியே தெரியுது. நாலு சனம் பாக்குதுல்ல. நம்ம வூட்டுப் பொம்பளைங்க பொடவ இல்லாம..."

"ஒன்னத் தூக்குனப்பவும் எம்மேல பொடவ இல்லடா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கிருந்த வயதானவர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போதுதான் அந்தக் கதையை நான் முதல்முறையாகக் கேட்டேன். நீங்கள் கல்யாணமாகி வந்த மறுவருஷம். சின்ன மாமாவுக்கு அப்போது ஆறு வயது. ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு போய்க் கிணற்றில் விழுந்துவிட்டார். மேட்டில் நின்று ஆம்பளைகள் கயிறு கயிறு என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். களையெடுத்துக்கொண்டிருந்த நீங்கள் ஓடிவந்து குதித்தீர்கள். உள்ளே போனதும் புடவை தண்ணீர் குடித்து ஊதி உங்களைக் கீழே இழுத்தது. அவிழ்த்து அங்கேயே விட்டீர்கள். குழந்தையின் முடியைப் பிடித்துக்கொண்டு பாவாடையோடு மேலே வந்தீர்கள்.

"ஒங்கப்பா ஒன்ன வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனாரு. சரி, ஓடட்டும். எனக்குக் கட்டிக்க ஒரு துண்டு குடுக்க அங்க ஒருத்தனுக்கும் தோணல. நின்னு பாத்தானுவ. எட்டு நாளு இந்த வூட்டுல எங்கிட்ட யாரும் பேசல. புள்ள பொழச்சது பேச்சில்ல, மருமவ எப்புடி நின்னாங்கறதுதான் பேச்சு. அன்னிக்கு நான் வெக்கப்பட்டு மேட்டுல நின்னுருந்தா இன்னிக்கு நீ வந்து எனக்கு நாயம் சொல்ல இருந்துருக்க மாட்ட."

நீங்கள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. போனிலிருந்து "அம்மா, அம்மா" என்று உங்கள் மகன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்ன மாமா கையிலிருந்து போனை வாங்கி, சிவப்புப் பொத்தானை அழுத்தி, திருப்பிக் கொடுத்துவிட்டு, "சாப்புடறவங்க இருங்க, மத்தவங்க கெளம்புங்க" என்றீர்கள். யாரும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு உங்களைக் காதுகுத்துக்கு அழைக்கவில்லை, வளைகாப்புக்கு அழைக்கவில்லை. நீங்களும் ஸ்டேட்டஸை நிறுத்தவில்லை. ஒவ்வொரு வருஷமும் வெங்காய அறுவடை முடிந்ததும் படகுக்கு வந்தீர்கள். இன்னும் நாலு ட்ரிப். எல்லாம் சேர்த்து நாற்பத்தேழு முறை இறங்கினீர்கள். உங்களைக் கூப்பிடாத அதே வீட்டுப் பெண்கள் சிலர் கொல்லைப்பக்கமாக வந்து, "உள்ள எப்புடிக்கா இருக்கும்?" என்று கேட்பார்களாம். நீங்கள் சொன்ன பதில் எனக்குத் தெரியும். "யாரும் கூப்புட முடியாது. அவ்வளவு நிம்மதி."

கடல் உங்களை ஒன்றும் செய்யவில்லை, அத்தை. இதை நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தத் தயார். கடல் விழுங்கிவிடும், நெஞ்சு வெடிக்கும், சுறா அடிக்கும் என்று அஞ்சு வருஷம் சொன்னார்கள். உங்களைக் கடித்தது நம் மக்காச்சோளக் கொல்லையில் வரப்போரம் கிடந்த விரியன். கிணறு கூடாது, கடல் கூடாது, இங்கேயே பத்திரமாக இரு என்று உங்களை எங்கே நிறுத்தினார்களோ அங்கே. தனியாக ரோடு வரைக்கும் நடந்து, கைகாட்டி வண்டி ஏறி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நேரமாகிவிட்டது என்றார்கள்.

நான் படகில் இருந்தேன். ஆறு நாள் சிக்னல் இல்லை. கரைக்கு வந்து போனைத் திறந்தபோது பத்தொன்பது மிஸ்டு கால். நான் வந்து சேர்ந்தபோது உங்களை எரித்து மூன்று நாளாகியிருந்தது. முகம் பார்க்கவில்லை. வாசலிலேயே உங்கள் மகன் மறித்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நேருக்கு நேர். "அங்க கும்மாளம் போட்டுட்டு இப்ப எதுக்கு வந்த? கோர்ட்டுல பிரிஞ்சாச்சு. நீ யாரு இங்க?"

எனக்கு அழுகை வரவில்லை. உங்கள் டிரங்குப் பெட்டியை மட்டும் கேட்டேன். அதற்குள் இருந்த ரப்பர் சட்டை யாருக்கு வேண்டும். தூக்கி வெளியே வைத்தார்கள்.

கருமாதிக்கு அவர்கள் ஃப்ளெக்ஸ் அடித்திருந்தார்கள். ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கி, கழுத்தில் கம்ப்யூட்டர் மாலை போட்டு, கீழே நாற்பது பேர் பெயர். முகத்தில் நீங்கள் இல்லை. யாரோ மிரட்டி உட்காரவைத்த ஒரு பெண்மணி. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நின்று முடித்ததும் பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன்.

ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி என் போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "அக்கா, கண்ணீர் அஞ்சலிக்கு இது சரியா வருமா? சிரிக்கிறாங்களே."

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. அடிங்க."

"கீழ யாரு பேரு?"

"பேரு வேணாம். மருமகள்னு மட்டும் போடுங்க."

பத்தடிக்கு எட்டடி. கருமாதிக்கு முந்தின நாள் வேப்பந்தட்டை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, இரண்டு சவுக்குக் கம்பு நட்டு நானே கட்டினேன். கறுப்புச் சட்டை, நெற்றியில் கண்ணாடி, ஒரு பல் இல்லாத சிரிப்பு, பின்னால் கடல். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் கிழித்துவிட்டார்கள். யார் என்று தெரியும், எழுதவில்லை. மறுபடி பெரம்பலூர் போனேன். மறுபடி அடித்தேன். கருமாதி அன்று விடிந்து வெளிச்சம் வந்ததும் கட்டினேன். இதையும் கிழித்தால் மூன்றாவதுக்கு ஆர்டர் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

சடங்கு முடிகிற வரை என்னை உள்ளே விடவில்லை. நானும் கேட்கவில்லை. மத்தியானம் பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது கம்புக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. வெள்ளை வேட்டி. கிழிக்கத்தான் என்று நினைத்து ஓடினேன். சின்ன மாமா. மொட்டைத் தலையோடு, செருப்பில்லாமல், அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்த ஒரு மூலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். பார்வையை உடனே எடுத்துவிட்டார்.

"கயிறு தாங்காது. கம்பி போட்டுக் கட்டணும்" என்றார்.

கடைக்கு ஆள் அனுப்பிக் கட்டுக்கம்பி வரவழைத்து, நாலு மூலையையும் அவரே முறுக்கிக் கட்டினார். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. கட்டி முடித்ததும் கொஞ்ச நேரம் அண்ணாந்து உங்கள் முகத்தைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை. மழை பெய்து, வெயில் அடித்து, உங்கள் சட்டைக் கறுப்பு சாம்பலாகி, அதுவாக நைந்து விழுகிற வரை அங்கேயே இருந்தது.

இப்போது மழைக்காலம் முடியப் போகிறது. அடுத்த மாதம் படகு கிளம்புகிறது, நானும் போகிறேன். போக வேண்டாம் என்று இங்கேயும் சொல்கிறார்கள். எந்த உறவும் இல்லாத ஊரில் தனியாக எதற்கு, செத்துப்போன கிழவியை நினைத்துக்கொண்டு எதற்கு என்கிறார்கள். கேட்டுக்கொள்கிறேன்.

விவாகரத்துக் காகிதம் தபாலில் வந்த நாளை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போர்ட் பிளேயர் ரூமில் நீங்கள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் படித்துச் சொன்னேன். முத்திரை, கையெழுத்து, நம்பர் எல்லாம் இருந்தது. நீங்கள் காகிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி இரண்டு பக்கமும் பார்த்தீர்கள்.

"இதுல எம் பேரு எங்கயாச்சும் இருக்கா?"

"இல்லத்தை."

"அப்ப இது எனக்கு வந்தது இல்ல" என்று சொல்லிவிட்டு, அதன்மேல் வெங்காயத் தோலைக் குவிக்க ஆரம்பித்தீர்கள்.

உங்கள் மகனுக்கு நான் ஒன்றும் இல்லை. சரிதான், அதற்குக் காகிதம் இருக்கிறது. உங்களுக்கு நான் மருமகள் இல்லை என்று காட்ட இந்த உலகத்தில் யாரிடமும் ஒரு காகிதமும் இல்லை, அத்தை. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.